மலையேற்றப் பையை இடுப்பு சுமக்கட்டும்

உத்தராகண்டின் கேதார்காந்தா போன்ற பனிமலைகளுக்கு இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். சாங்கிரி கிராமத்திலிருந்து நடந்து, கூடாரங்களில் தங்கி, சுமார் 3,800 மீட்டர் உயரத்தைத் தொட்டுத் திரும்பும் பாதை அது. ஷூவையும் ஜாக்கெட்டையும் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள், பையை மட்டும் கடைசி நேரத்தில் யாரிடமாவது இரவல் கேட்கிறார்கள். கழுத்துப் பிடிப்பு, தோள்வலி, முழங்கால் வலி என்று பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிற பலரைப் படுத்துவது அந்தப் பைதான்.

எத்தனை லிட்டர்?

ஓரிரு இரவுகளுக்கு 30 முதல் 50 லிட்டர் பை போதும். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் நாமே சுமந்து நான்கைந்து நாள் நடப்பதானால் 50 முதல் 70 வேண்டியிருக்கும். கூடாரமும் உணவும் ஏற்பாட்டாளர்கள் பொறுப்பு என்றால் 50 லிட்டரே தாராளம். அதைவிடப் பெரிதாக வாங்கினால் இன்னொரு ஜீன்ஸ், இன்னொரு போர்வை என்று இடம் தானாக நிரம்பிவிடும். ஆகவே பொருள்களை முதலில் தரையில் பரப்புங்கள். வேண்டாததைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு ஏற்ற பையைத் தேடுங்கள்.

தண்ணீரும் சேர்த்து, மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. முதல்முறை போகிறவர்கள் இன்னும் குறைக்கலாம்.

தோள் மரத்துப்போனால்

பையைப் பொறுத்தவரை ஆள் உயரத்தைவிட முதுகின் நீளமே முக்கியம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

மாட்டும்போது எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்குங்கள். பிறகு தோள்பட்டை, கடைசியில் மார்புப் பட்டை. சுமையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்க வேண்டும். வயிற்றில் பட்டையைக் கட்டிக்கொண்டு முழு எடையையும் தோளில் தொங்கவிடுவது ஆபத்து. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் தோள்பட்டையால் நசுங்கி விரல்கள் மரத்துப்போகும்; சிலருக்குக் கையைத் தூக்கவே முடியாமல், சரியாக வாரக்கணக்காகும். விரல் நுனி சுரீரென்றால் பொறுத்துக்கொண்டு நடக்காதீர்கள். உடனே பையை இறக்கி வைத்துப் பட்டைகளைச் சரிசெய்யுங்கள்.

அடுக்கும் முறை

அடியில் ஸ்லீப்பிங் பேக். அதன்மேல், முதுகை ஒட்டி, தண்ணீர், அடுப்பு, மளிகை போன்ற கனமானவை. வெளிப்பக்கம் துணிமணிகள், மேலே மழைக்கோட்டு. கனம் முதுகைவிட்டு விலகினால் பை பின்னால் இழுக்கும், அதை ஈடுகட்ட நாம் முன்னால் வளைவோம், கீழ்முதுகு வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

பைக்குள் தடிமனான பாலித்தீன் உறை ஒன்றை விரித்து அதற்குள் அடுக்குங்கள். நனைந்த உடையோடு பனியில் இரவைக் கழித்தால் உடல் வெப்பம் அபாயகரமாக இறங்கிவிடும்.

பெரிய பையைக் கோவேறு கழுதையில் ஏற்றிவிடுகிறவர்களும் தினமும் சாப்பிடும் மாத்திரை, இன்ஹேலர் ஆகியவற்றைத் தங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கழுதையில் ஏற்றிய பை முகாமுக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இன்சுலின் எடுப்பவர்கள் அதை ஜாக்கெட்டின் உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். உறைந்துபோன இன்சுலினைப் பிறகு உருக்கிப் பயன்படுத்தக் கூடாது.