கல்லச்சுப் படமும் கருகிய நாடக அரங்கும்

அருங்காட்சியகங்களில் காக்கப்பெறும் 19-ஆம் நூற்றாண்டுக் கல்லச்சுப் படங்களைச் சுவருக்கு அழகூட்டும் பொருள்களாக மட்டும் கருதுவோர் பலர். அவை வரலாற்றுச் சான்றுகளும் ஆகும். ஆயினும், சாட்சி கூற வருபவரை வினவி அறிதல்போல, படத்தையும் வினவியே உண்மையைப் பெறுதல் வேண்டும். செர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த அரச நாடக அரங்கைக் காட்டும் படங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

கல்லச்சு முறையே நாடகத்தை ஒட்டிப் பிறந்ததுதான். நடிகர் ஒருவரின் மகனாகிய அலோய்ஸ் செனபெல்டர், தாம் எழுதிய நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடி, 1796-ஐ ஒட்டி மியூனிக் நகரில் இம்முறையைக் கண்டார். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புக் கலந்த மையால் வரைவர். கல்லை நீரால் நனைப்பர். பின்னர் எண்ணெய் மை தடவுவர். நீரேற்ற இடம் மையை விலக்கும். கொழுப்புள்ள கோடு மையை ஏற்கும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும்.

டிரெஸ்டனில் காட்பிரீட் செம்பர் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த முதல் அரங்கு 1841-இல் திறக்கப்பெற்றது. வாக்னரின் 'டான்ஹாய்சர்' இசைநாடகம் 1845-இல் முதன்முதல் அரங்கேறியது அங்கேதான். 1869 செப்டம்பர் 21-இல் அவ்வரங்கு தீக்கிரையாயிற்று. 1849-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கலந்துகொண்டு நாட்டைவிட்டு வெளியேறியிருந்த செம்பரே புதிய அரங்கிற்கும் வரைபடம் தந்தார். அவர் மகன் மான்பிரெட்டின் மேற்பார்வையில் எழுந்த அது 1878-இல் திறக்கப்பெற்றது. 1945 பிப்ரவரி 13-இல் தொடங்கிய குண்டுவீச்சில் அழிந்து, 1985 பிப்ரவரி 13-இல் மீண்டும் திறக்கப்பெற்றதும் இந்த இரண்டாம் அரங்கே.

அவ்வாறாயின், "டிரெஸ்டன் நாடக அரங்கு" என்று மட்டும் குறிக்கப்பெற்ற படம் எந்த அரங்கைக் காட்டுகிறது? முகப்பே விடை கூறும். முதலரங்கின் முகப்பு அரைவட்டமாக முன்னோக்கி வளைந்திருந்தது. இரண்டாவதன் வளைவு குறைவு. அதன் நடுவாயிலின் உச்சியில் சிறுத்தைகள் இழுக்கும் வெண்கலத் தேர் நிற்கும். அரைவட்ட முகப்பின் அருகே, 1855-இல் திறக்கப்பெற்ற ஓவியக்கூடமும் முழுமையாகக் காணப்படின், படம் முதலரங்கின் பிற்காலத்தைச் சார்ந்தது எனக் கொள்ள இடமுண்டு.

மற்றொன்றும் கருதத்தக்கது. கல்லில் வரைந்தது தாளில் இடவலம் மாறிப் பதியும்; ஆதலின் ஓவியர் கண்ணாடியிற் காண்பதுபோல் மாற்றி வரைதல் வேண்டும். அரங்கின் முகப்பு இருபுறமும் ஒத்திருப்பதால், அதனைக் கொண்டு பிழையை அறிய இயலாது. சுற்றுப்புறமே அதனைக் காட்டிக்கொடுக்கும். முகப்பை நோக்கி நிற்பவருக்கு ஓவியக்கூடம் இடப்புறமும் எல்பெ ஆறு வலப்புறமும் அமைதல் வேண்டும்.

1845-ஆம் ஆண்டு அரங்கேற்றத்தைக் கற்பிக்கும்போது இன்று நிற்கும் அரங்கின் படத்தைக் காட்டினால், மாணவர் உள்ளத்தில் பிழையே பதியும். இது எக்காலத்துப் படம், எதைக் கண்டு வரையப்பெற்றது என்று வினவப் பழகிய மாணவர், எழுத்திலுள்ள செய்தியையும் அவ்வாறே ஆராய்ந்து ஏற்பர்.