பனிமலைப் பூஞ்சையும் மதுரைச் சாயநீரும்

2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடிச் சேலை, நகரத்தின் பெருமை. ஆனால் சாயமேற்றிய துணியை அலசும்போது, நூலில் ஒட்டாத சாயம் தண்ணீரோடு போய்விடுகிறது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பும் சோடாவும் சேர்ப்பதால், அந்தத் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். வெயிலுக்கும் சோப்புக்கும் வெளுக்காதபடி உருவாக்கப்பட்டவை இன்றைய சாயங்கள். சேலைக்கு அழகு சேர்க்கும் அந்தக் குணமே வைகை ஆற்றுக்கு வினையாகிறது. சாதாரண பாக்டீரியாக்களால் இவற்றை எளிதில் சிதைக்க முடிவதில்லை.

மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகளால் முடியும். மழைக்காலத்தில் பட்டுப்போன மரங்களில் விசிறி விசிறியாக, கெட்டியாக ஒட்டியிருக்குமே, அந்த வகைதான். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் ஒழுங்கற்ற அமைப்புடையது. அதை உடைக்கப் பழகிய பூஞ்சைகளின் நொதிகள் லிக்னினோடு நிற்பதில்லை. பலவகைச் சாயங்களையும் பீனால்களையும் தாக்குகின்றன. அவற்றில் ஒன்று லாக்கேஸ். 1883-இல் ஜப்பானிய வேதியியலாளர் யோஷிதா அரக்கு மரப்பாலில் இதைக் கண்டறிந்தார். இதிலுள்ள நான்கு செம்பு அணுக்கள் சாய மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து ஆக்சிஜனிடம் சேர்க்கின்றன. ஆக்சிஜன் நீராகிறது; சாயம் நிலைகுலைந்து உடைகிறது.

அல்மோராவிலுள்ள கோவிந்த் வல்லப் பந்த் இமயமலைச் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் குசும் தாகர், அனிதா பாண்டே இருவரும் இமயத்தின் பனியாற்றுப் பகுதி ஒன்றிலிருந்து லாக்கேஸ் சுரக்கும் ‘டிராமீட்டஸ் ஹிர்சூட்டா’ என்ற பூஞ்சையைப் பிரித்தெடுத்து, 2013-இல் ஆய்வை வெளியிட்டார்கள். குளிரில் மட்டுமே வாழும் உயிர் அல்ல இது. 4 முதல் 48 டிகிரி செல்சியஸ் வரை தாங்குகிறது. அமில கார அளவு (pH) 3 முதல் 13 வரை சமாளிக்கிறது. மதுரையின் கத்திரி வெயிலும் சாயப்பட்டறையின் காரநீரும் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கும்! சிறிதளவு செம்பு உப்பு சேர்த்தபோது லாக்கேஸ் உற்பத்தி இரண்டு மடங்கானது.

ஆனால், தாங்குவது வேறு, செழிப்பது வேறு. இந்தப் பூஞ்சை நன்றாக வளர்வது 25 டிகிரியில்தான். நிறம் போனதாலேயே நஞ்சும் போய்விட்டது என்று நம்பிவிடக் கூடாது. உடைந்த துண்டுகளையும் சோதிக்க வேண்டும். சாயநீரின் உப்பைப் பூஞ்சை நீக்காது. அதேபோல், கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை விட்டுச்சென்ற பாதரசம் போன்ற தனிமங்களை எந்த நொதியாலும் உடைக்க முடியாது.

ஆகவே பூஞ்சையை நம்பிச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கைவிட முடியாது. அந்த நிலையத்துக்குள் ஒரு கட்டமாக அதைச் சேர்க்கலாம். அழகர்மலையிலும் சிறுமலையிலும் மட்கும் மரங்களில் நம் வெயிலுக்குப் பழகிய பூஞ்சைகள் வளர்கின்றன. மதுரையின் கல்லூரி ஆய்வகங்கள் அவற்றைச் சேகரித்து, உண்மையான சாயநீரில் சோதிக்க வேண்டும். பட்டறைகளும் மாநகராட்சியும் அதற்குக் கைகொடுக்க வேண்டும். எப்படியானாலும் ஒரு சொட்டுச் சாயநீரும் சுத்திகரிக்காமல் வைகைக்குள் போகக் கூடாது.