வெளிநாட்டுப் பயணமும் விசா விண்ணப்பமும்: ஆசிரியர்கள் அறிய வேண்டியவை

2022 நவம்பரில் நம் அரசுப் பள்ளி மாணவர்கள் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் சென்றுவந்தார்கள். 2024 அக்டோபரில் கனவு ஆசிரியர்கள் 55 பேர் பிரான்ஸ் சென்றார்கள். துறை அழைத்துச் செல்லும்போது எந்தத் தாளை எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள். சொந்தச் செலவில், மகன் வீட்டுக்கோ கோடைச் சுற்றுலாவுக்கோ கிளம்பும் ஆசிரியருக்கு அப்படி யாரும் இல்லை. திருக்கோவிலூர் பகுதியில் இருப்பவர் விசா மையத்தில் ஒரு தாள் குறைந்தது என்று திருப்பி அனுப்பப்பட்டால், சென்னைக்கு மறுபடி ஒருமுறை சுமார் 200 கிலோமீட்டர் போய்வர வேண்டும். உலகளந்த பெருமாளின் ஊர்க்காரர்களுக்கும் உலகம் பார்க்க விசா வேண்டும்தானே!

விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பி வராது. ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. இது 2024 ஜூன் 11 முதல் நடைமுறையில் உள்ளது. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பணத்தைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று உண்டு. பல நாடுகளின் படிவங்களில் ‘இதற்கு முன் உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதா?’ என்ற கேள்வி இருக்கிறது. ஒருமுறை மறுக்கப்பட்டவர் பிறகு எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி விளக்கமும் தர வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பத்தையே கவனமாகச் செய்வது நல்லது.

படிவத்தை நிரப்புவது கடினமான வேலை இல்லை. விசா அதிகாரி நம்மை நேரில் அறியாதவர். பெரும்பாலான நாடுகளுக்கு நாம் அவரைச் சந்திப்பதுகூட இல்லை. அவர் மேசைக்குப் போவது நம் தாள்கள் மட்டுமே. இவர் யார், எதற்காக வருகிறார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, திரும்பிப் போவாரா என்ற நான்கையும் அந்தத் தாள்கள் ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஒன்று ஒரு மாதிரியும் மற்றொன்று வேறு மாதிரியும் சொன்னால் சந்தேகம் வந்துவிடும்.

முதல் சிக்கல் பெயரில்

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, முன்னெழுத்துத்தான் உண்டு. பாஸ்போர்ட் படிவமோ குடும்பப் பெயர், இடப்பட்ட பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்திருக்கிறது. முன்னெழுத்தைச் சுருக்கமாக எழுதவும் விடுவதில்லை. கு. மலர்விழி என்று ஓர் ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணிப்பதிவேட்டில் கு. மலர்விழி. பாஸ்போர்ட்டில் மலர்விழி குப்புசாமி. வங்கிக் கணக்கிலோ கணவர் பெயரைச் சேர்த்து மலர்விழி செல்வம். மூவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். பாரிஸ் விசாக் கோப்பைப் பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

விசா விண்ணப்பம், விமானச் சீட்டு, காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும். சம்பளச் சான்றும் வங்கிக் கணக்கும் வேறு மாதிரி இருந்தால், வங்கியில் முன்கூட்டியே பெயரைச் சரிசெய்துகொள்ளலாம். இயலாவிட்டால், இரண்டும் ஒருவரே என்று தலைமையாசிரியரோ வட்டாரக் கல்வி அலுவலரோ தரும் சான்றை இணைக்கலாம். திருமணச் சான்றும் இதற்கு உதவும்.

குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு வேறு தொல்லை. ஒரே சொல்லில் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் இத்தகையவரின் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். இடப்பட்ட பெயர்க் கட்டத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று அச்சாகும். புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவதே நல்லது.

ஊர்ப் பெயரிலும் இதே கதைதான். திருக்கோவிலூரை ஆங்கிலத்தில் எழுதும்போது டி-க்குப் பின் எச் வருமா, கே ஒன்றா இரண்டா என்பதில் ரயில் நிலையப் பலகை ஒருவிதம், அரசு ஆவணங்கள் வேறொரு விதம். தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி 2020-இல் வந்த அரசாணையும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மாவட்டமும் மாறியிருக்கிறது. 1985-இல் திருக்கோவிலூரில் பிறந்தவர் தென்னார்க்காடு மாவட்டத்தில் பிறந்து, 1993-க்குப் பின் விழுப்புரம் மாவட்டத்தில் படித்து, 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வாழ்கிறார், ஊரை விட்டு ஓர் அடிகூட நகராமல்! பிறந்த இடம் என்ற கட்டத்தில் எது சரி என்று யோசிக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

நம் வகுப்பறைக்கும் இதில் தொடர்பு இருக்கிறது. முதல் வகுப்புச் சேர்க்கையில் எழுதும் பெயர் எமிஸ் பதிவுக்குப் போகிறது. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலுக்குப் போகிறது. அங்கிருந்து மதிப்பெண் சான்றிதழுக்கும், நாளை பாஸ்போர்ட்டுக்கும் போகிறது. பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும் அந்த ஒரு வாரத்தில் பெற்றோரை வரவழைத்து, ஆங்கில எழுத்துகளையும் தந்தை பெயரின் எழுத்துகளையும் ஆதாருடன் ஒப்பிட்டுவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பிற்காலத்தில் எத்தனையோ அலைச்சல் மிச்சமாகும்.

துறை அனுமதி முதலில்

அரசுப் பள்ளி ஆசிரியரின் பயணம் துறை அனுமதியில் தொடங்குகிறது. பாஸ்போர்ட் பெற, அலுவலகத்துக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு விண்ணப்பிக்கும் வழியைப் பாஸ்போர்ட் விதிகள் தருகின்றன. தடையின்மைச் சான்று பெற்று விண்ணப்பிப்பதும் உண்டு. எந்த வழியில் போவது என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருப்பதாலேயே வெளிநாடு செல்ல அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக முன் அனுமதி வேண்டும். விடுமுறை நாட்களில் செல்பவருக்கும் இது பொருந்தும். எந்த நாடு, எத்தனை நாள், யாருடைய செலவு என்ற விவரங்களோடு உரிய வழியில் விண்ணப்பித்தால், கோப்பு மேலே போய்த் திரும்பி வரச் சில வாரங்கள் ஆகும்.

இந்த அனுமதிக் கடிதமே விசாக் கோப்பில் நம்முடைய பலமான தாள். நிரந்தரப் பணி, மாதச் சம்பளம், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது திரும்பி வர வேண்டிய கடமை ஆகிய மூன்றையும் ஒரு பக்கத்தில் சொல்லிவிடுகிறது. தொழில் செய்பவர்கள் பத்துத் தாள்களால் காட்ட வேண்டியதை நாம் இந்த ஒன்றால் காட்டிவிடலாம்.

மே மாதம் பாரிஸ் செல்ல நினைப்பவர் எப்போது தொடங்க வேண்டும்? ஷெங்கன் விதிப்படி, பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன் கொடுத்துவிட வேண்டும். முடிவெடுக்கப் பொதுவாக 15 நாள். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். கோடைக்கு முன் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே அரிது. ஆகவே பிப்ரவரியில் தாள்களைக் கொடுக்க வேண்டும். அதற்கு டிசம்பரிலாவது துறை அனுமதிக்கு எழுத வேண்டும். அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது கோடைப் பயணத்தை நினைப்பது விந்தையாகத் தோன்றலாம், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

பாஸ்போர்ட்டின் காலத்தையும் பார்க்க வேண்டும். ஷெங்கன் நாடுகளுக்கு அது கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களுடனும் இருக்க வேண்டும். சிங்கப்பூர் 6 மாதம் கேட்கிறது. ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம். விமானச் சீட்டை விசா வருவதற்கு முன் முழுப்பணம் கட்டி வாங்க வேண்டியதில்லை. முன்பதிவு விவரம் போதும்.

வங்கிக் கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தவறான அறிவுரைகள் அதிகம் உலவும் இடம் இது. ‘கணக்கில் 5 லட்சம் காட்டினால் போதும், ஒரு வாரத்துக்கு நான் போட்டுத் தருகிறேன்’ என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். அதிகாரி பார்ப்பது கடைசி நாள் இருப்பை மட்டும் அல்ல, சில மாதங்களின் வரவுசெலவை. மாதந்தோறும் சம்பளம் வந்து, செலவு போக மிச்சம் நின்று வரும் கணக்கு இயல்பாகத் தெரியும். 40,000 ரூபாய் இருப்பில் இருந்த கணக்கில் திடீரென்று 5 லட்சம் விழுந்தால், அது யாருடைய பணம் என்ற கேள்விதான் எழும். வைப்புத்தொகை முதிர்வோ நிலுவைத் தொகையோ உண்மையாகவே வந்திருந்தால், அதற்கான தாளையும் சேர்த்து வையுங்கள். மகன் செலவு செய்கிறார் என்றால் அதை மறைக்காமல் எழுதி, அவருடைய கடிதத்தையும் வருமானச் சான்றையும் இணைக்கலாம். போலி விடுதிப் பதிவு, திருத்திய சம்பளச் சான்று போன்றவை கண்டுபிடிக்கப்பட்டால் விசா மறுப்போடு நிற்காது. அரசு ஊழியருக்குத் துறை நடவடிக்கையும் வரக்கூடும்.

நாட்டுக்கு நாடு நடைமுறை வேறு. நேபாளம், பூடான் செல்ல விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ போதும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளித்தது. ஆயினும் அங்கு இறங்குவதற்கு 3 நாளுக்குள் இணையவழி வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். அதை அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாகப் பெறலாம். அமெரிக்காவுக்குச் சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் உண்டு. அந்நாட்டுச் சட்டம், சுற்றுலாவுக்கு வருபவரையும் குடியேற வருபவர் என்றே முதலில் கருதுகிறது. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. கேட்ட கேள்விக்குச் சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், கிளம்பும் முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா விசாவில் வேலையா?

மாணவர்களின் வீடுகளிலிருந்து ஆசிரியரிடம் வரும் கேள்வி பெரும்பாலும் வேறு. ‘சார், பையனைச் சுற்றுலா விசாவில் கூட்டிக்கொண்டு போய், அங்கே வேலை விசாவாக மாற்றித் தருகிறேன் என்கிறார்கள். அனுப்பலாமா?’ அனுப்பக் கூடாது என்பதே பதில். சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்டப்படி குற்றம். சம்பளம் தராவிட்டாலும் அவர் யாரிடமும் முறையிட முடியாது. தாய்லாந்துக்கு விசா இல்லாமல் போகலாம் என்பதைப் பயன்படுத்திக் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் சென்று, எல்லை கடத்தி மியான்மரின் இணைய மோசடி முகாம்களில் அடைத்துவைத்த கொடுமையும் நடந்தது. இந்திய அரசு தலையிட்டுப் பலரை மீட்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் ஒன்றிய அரசிடம் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். ஐயம் இருந்தால் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையைக் கேட்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடியகல்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு அவர் வேலைக்குச் செல்ல முன் அனுமதி பெற வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்கவும் சிலர் சுற்றுலா விசாவைக் காட்டுகிறார்கள் என்பதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். இடைநிற்கும் மாணவரைத் திரும்ப அழைத்து வரப் போகும்போது இதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

விசா வந்த பிறகு பாஸ்போர்ட்டை உடனே பையில் வைத்துவிடாதீர்கள். ஒட்டப்பட்ட தாளில் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் பயணத்துக்கு முன்பே திருத்தக் கேட்க வேண்டும். ஷெங்கன் விசாவில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது ஒரு வரியிலும், எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு வரியிலும் இருக்கும். ஒரு மாதத்துக்குள் பத்து நாள் என்று இருந்தால், பத்து நாள் மட்டுமே தங்கலாம். அமெரிக்க விசா பத்தாண்டுக்குக் கிடைத்தாலும், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கும் இடத்தில் உள்ள அதிகாரிதான் முடிவு செய்வார். அவர் கேட்டால் காட்ட, திரும்பும் சீட்டு, தங்குமிட விவரம், காப்பீடு, துறை அனுமதி ஆகியவற்றின் நகல்களைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெரிய பெட்டியில் வைத்துவிட்டால் அது அப்போது வேறு வழியில் வந்துகொண்டிருக்கும்.