ஜீப் சக்கரத்துக்குள் ஆமணக்கு

2024 ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவானது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மோதி பாக்கில் ரிங் ரோடு குளமாயிற்று. இப்படிப்பட்ட நாளில் பழைய ஜீப் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் பெருமைதான். மற்ற கார்கள் தயங்கி நிற்கும் தண்ணீரில் அது இறங்கி ஏறிவிடும். ஆனால் கரையேறிய ஜீப், முன்சக்கரங்களுக்குள் கொஞ்சம் ரிங் ரோட்டையும் அள்ளிக்கொண்டு போயிருக்கலாம்.

காரணம் எளிய இயற்பியல். ஓடிவந்த வண்டியின் ஹப், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி, சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாக விரிந்திருக்கும். சட்டென்று தண்ணீரில் இறங்கியதும் ஹப் குளிர்கிறது, காற்று சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. தேய்ந்த ஆயில் சீல் வழியே தண்ணீர் உறிஞ்சப்படுகிறது.

அங்கே காத்திருப்பவை டேப்பர் ரோலர் பேரிங்குகள். வில்லிஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில் மகிந்திரா பல பத்தாண்டுகள் தயாரித்த ஜீப்களில், ஒவ்வொரு முன்சக்கரத்திலும் இரண்டு பேரிங்குகள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். இவற்றின் உருளைகள் ஒரு முனையில் சிறுத்துச் சாய்ந்திருப்பதால் வண்டியின் எடையோடு, வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளலையும் தாங்குகின்றன. 1898இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கன், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துவந்தவர்.

உருளைக்கும் அது உருளும் தடத்துக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். அந்தப் படலத்தில் தண்ணீர் கலந்தால் கிரீஸ் பால் ஊற்றிய காப்பி நிறத்துக்கு மாறும். பிறகு துரு, துரு தின்ற இடத்தில் குழி, குழியின் மேல் உருளை ஏறி இறங்கும் உறுமல்.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அல்ல. அதில் பெரும்பகுதி சாதாரண மசகெண்ணெய்தான். அதை ஒழுகவிடாமல் பிடித்துவைத்திருப்பது சோப்பு இழைகளாலான ஒரு நார்ப் பொதி. பேரிங் சுழலும்போது பொதி கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயைக் கசியவிடுகிறது. இன்று பரவலாகப் பயன்படும் லித்தியம் கிரீஸில் அந்த இழைகளைத் தருவது 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம். அது வருவது ஆமணக்கு எண்ணெயிலிருந்து! உலகிலேயே அதிக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் பெரும்பகுதி குஜராத்தில். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்ட தாத்தாவும், டப்பாவிலிருந்து கிரீஸ் அள்ளும் மெக்கானிக்கும் ஒரே செடிக்குக் கடன்பட்டவர்கள்.

சர்வீஸ் என்றால் பழைய கிரீஸின் மேல் புதியதை அப்புவது அல்ல. ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தையும் ஹப்பையும் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்த வேண்டும். காற்றுக் குழாயைப் பிடித்து பேரிங்கைச் சுழலவிடுவது ஆபத்து: கிரீஸ் இல்லாத உருளைகள் கீறிக்கொள்ளும், அவற்றைப் பிடித்திருக்கும் கூண்டு உடைந்தால் தெறிக்கும். உருளையில் நீலம் பாய்ந்திருந்தால் அது சூடேறிய அடையாளம். குழி தெரிந்தால் உள்வளையத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, வெளிவளையமான கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கிரீஸ் ஏற்றுவதற்கு உள்ளங்கையே நல்ல கருவி. ஓர் உருண்டை கிரீஸைக் கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற முனையை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தால், மறுமுனையில் புழுப்போல் எட்டிப்பார்க்கும். சுற்றிலும் அப்படி வரும்வரை விடக்கூடாது. ஹப் முழுவதையும் அடைக்கவும் கூடாது. கடைபட்டுக் கடைபட்டு கிரீஸ் சூடேறும். களிமண் வகை கிரீஸை லித்தியம் கிரீஸோடு கலந்தால் பொதி குலைந்து எண்ணெய் பிரிந்து ஓடிவிடக்கூடும்.

கடைசி வேலை நட்டு. வில்லிஸ் வகை ஜீப்பில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அது பிடிக்கும்வரை உள்நட்டை முறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்று தளர்த்துவது வழக்கம். ஓட்டத்தில் இரும்பு விரிவதற்கான இடம் அது. லாக் வாஷரை மாட்டி, வெளிநட்டை இறுக்கியபின், சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும்: ஆட்டம் (பிளே) உணரக்கூடிய அளவுக்கு மட்டுமே இருக்கலாம், கையால் சுற்றினால் உரசல் கேட்கக்கூடாது.

தில்லியில் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் ஜூன் 27. மோதி பாக் வழியே பழைய ஜீப் ஓட்டுபவர்கள், புது ஆயில் சீலை மே மாதமே வாங்கிவைத்துவிடலாம்.