குறைமாவுச்சத்து உணவுமுறையும் புற்றுநோயும்

குறைமாவுச்சத்து உணவுமுறை என்பது அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை முதலியவற்றைக் குறைத்து, உடலுக்குத் தேவையான ஆற்றலைக் கொழுப்பு, புரதம் ஆகியவற்றிலிருந்து பெறும் முறையாகும். இதன் கடுமையான வடிவம் கீட்டோ உணவுமுறை எனப்படும். இதில் ஒரு நாளைய மாவுச்சத்து பெரும்பாலும் 50 கிராமுக்குள் அடங்கும். இவ்வுணவுமுறை புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணைபுரியுமா என்பது ஆய்வில் உள்ளது. இது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

அடிப்படைக் கருத்து

ஆக்சிசன் இருக்கும்போதும் புற்றுநோய்த் திசுக்கள் குளுக்கோசை மிகுதியாக எடுத்து லாக்டிக் அமிலமாக மாற்றுவதை 1920களில் செருமானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தார். கட்டிகளைக் காட்டும் பெட் ஸ்கேன் இப்பண்பையே பயன்படுத்துகிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்னும் கருத்து இதிலிருந்து எழுந்தது. ஆயினும் மாவுச்சத்தை உண்ணாவிடினும் கல்லீரல் புரதம் முதலியவற்றிலிருந்து குளுக்கோசை உருவாக்கும். ஆகவே இரத்தச் சர்க்கரையைவிட, வளர்ச்சியைத் தூண்டும் இன்சுலின் குறைவதே முக்கியமாகலாம் எனக் கருதப்படுகிறது.

ஆய்வுகள்

கீட்டோ உணவுமுறை 1921 இல் வலிப்பு நோய்க்காக முன்மொழியப்பட்டது. 1995 இல் அமெரிக்காவில் மூளைக்கட்டி கொண்ட 2 சிறுமிகளுக்கு இவ்வுணவு அளிக்கப்பட்டபோது, கட்டி குளுக்கோசை ஏற்கும் அளவு குறைந்தது. 2018 இல் வெளியான எலி ஆய்வொன்றில், இன்சுலின் சமிக்ஞையைத் தடுக்கும் ஒருவகை மருந்தின் பயன் இவ்வுணவால் கூடியது. மருந்தின்றி இவ்வுணவை மட்டும் கொடுத்தபோதோ, ஒருவகை இரத்தப் புற்றுநோய் விரைந்து வளர்ந்தது.

களக்காட்டு உணவுப் பழக்கம்

திருநெல்வேலி மாவட்டத்தின் களக்காடு, நெல்லும் வாழையும் விளையும் ஊராகும். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. எனவே 200 கிராம் சோறு மட்டுமே கீட்டோ வரம்பைக் கடந்துவிடும். இந்தியர் தம் உணவு ஆற்றலில் சுமார் 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுவதாகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிலான ஆய்வு 2025 இல் தெரிவித்தது. இத்தகைய உணவுப் பழக்கம் உடையவர், ஈடாக முட்டை, மீன், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்காமல் சோற்றையும் பழத்தையும் நிறுத்தினால், மொத்த ஆற்றலே குறைந்துவிடும்.

எச்சரிக்கை

புற்றுநோயாளர் பலருக்கு எடை இழப்பும் தசை நலிவும் ஏற்படுகின்றன. இவை சிகிச்சையைத் தாங்கும் திறனைக் குறைக்கின்றன. ஊட்டக்குறைவு உடையோருக்கும் அதற்கான வாய்ப்பு உடையோருக்கும் ஆற்றலைக் குறைக்கும் உணவுமுறை கூடாது என ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 முதல் 30 கிலோகலோரி ஆற்றலும் 1 கிராமுக்கு மேற்பட்ட புரதமும் அவை பரிந்துரைக்கின்றன. எடை குறைந்து, இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவர்களுக்குக் கொழுப்பின் பங்கைக் கூட்டலாம். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் மாவுச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும்.