யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள்?

சென்னைக்குத் தெற்கே, சிறுசேரி சிப்காட் ஐ.டி. பேட்டை வாசலில் காலை ஒன்பதரைக்குப் போய் நிற்பவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்ப்பார். பொழுது விடியும்போதே போய் நின்றால், வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து இறங்கும் ஹவுஸ்கீப்பிங் பெண்களையும், இரவுப் பணி முடித்து வெளியே வரும் செக்யூரிட்டிகளையும் பார்க்கலாம். இரண்டு நேரத்தில் போய் நின்றவர்களுமே சிறுசேரியைப் பார்த்ததாகத்தான் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். பொய்யும் இல்லை. சமூகவியல் கள ஆய்வின் பாதிச் சிக்கல் இங்கேயே இருக்கிறது: ஆய்வாளர் எப்போது போனார், யார் அழைத்துப் போனார்கள், யார் வீட்டில் உட்கார்ந்து கேட்டார்?

தமிழ்நாட்டுக்கு இந்த வேலை நூறு வருஷத்துக்கு மேல் பழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கென்று 1915-இல் முதல் பேராசிரியராக நியமிக்கப்பட்டவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். வகுப்பில் பாடம் நடத்துவதோடு நிற்காமல், மறுவருஷமே மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, அவரவருக்குத் தெரிந்த கிராமத்தை விசாரித்து எழுதி வரச் சொன்னார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலகுறிச்சி, தூசி என்று அப்படித் திரண்ட கிராமக் கணக்குகள் 1918-இல் நூலாயின.

அந்த நூலைவிடப் பெரிய விஷயம், பிறகு வந்தவர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனதுதான். 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் போனார்கள். இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இருவேல்பட்டுக்கு 1981-இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். ஸ்லேட்டர் காலத்தில் ஒரு பெரிய பண்ணை வீட்டின் பிடியில், படியாட்களை வைத்து நடந்த ஊர் அது. 2008-இல் அந்தப் பிடி தளர்ந்திருந்தது; ஊருக்கு வெளியே போய்ச் செய்யும் வேலை பல வீடுகளுக்குச் சோறு போட்டது. ஒரே ஊரின் தொண்ணூறு வருஷக் கதை இப்படிக் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் 1916-இல் கல்லூரிப் படியேறியவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருப் பிள்ளைகள்? அவர்கள் சேரிக்குள் போய் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியிருப்பார்கள்? ஸ்லேட்டரின் கேள்விப் பட்டியலில் இதற்குக் கட்டம் கிடையாது.

தான் யார் தெருவில் இருந்து கேட்டோம் என்பதைச் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் மறைக்கவில்லை. 1961-62-இல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். நூலில் அதற்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அக்கிரகாரத்தில் குடியிருப்பவர் நினைத்தபோதெல்லாம் சேரிக்குப் போய்வர அன்றைய ஊர் வழக்கம் இடம் தராது. அதனால் தன் ஆய்வுக்கு நேர்ந்த குறையை அவரே எழுதினார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கியதைக் காட்டிய அந்த 1965-ஆம் வருஷ நூலை இன்றும் நம்பிப் படிக்க முடிவதற்கு இந்த ஒப்புதலும் ஒரு காரணம்.

சிறுசேரி இருக்கும் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே இதைவிடக் காரமான உதாரணம் உண்டு. மேலே சொன்ன அதே ஜோன் மென்ச்சர், இந்த வட்டாரத்துக் கிராமங்களில் தலித் மக்களோடு பேசிவிட்டு, 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். கீழே இருப்பவர் கண்ணால் பார்த்தால் சாதி என்பது உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடு; முன்பிறவிப் பலன் என்பதெல்லாம் மேலே இருப்பவர் சொல்லும் சமாதானம் என்றது அது. ஐந்து வருஷம் கழித்து மைக்கேல் மொஃபட்டின் நூல் வந்தது. இதே செங்கல்பட்டுப் பகுதியில், அவர் 'எண்டாவூர்' என்று குறிப்பிடும் ஊரின் தலித் குடியிருப்பை ஆராய்ந்த அவர், அம்மக்களும் அதே மேல்-கீழ் வரிசையைத் தங்களுக்குள் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

இருவரும் களத்தில் கிடந்து உழைத்தவர்கள்தான். மென்ச்சரின் கண் நிலத்திலும் கூலியிலும் இருந்தது. மொஃபட் சடங்கையும் வழிபாட்டையும் உட்பிரிவுகளையும் பார்த்தார். அறுவடைக் கூலி பற்றிக் கேட்டால் ஒரு பதில், கோயில் மரியாதை பற்றிக் கேட்டால் இன்னொரு பதில் வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் பண்ணையாரை நம்பிப் பிழைப்பவர், வெளியூர்க்காரர் முன்னால் அந்த வரிசையை ஏற்றுக்கொண்டதுபோலப் பேசினால், அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது அவசரம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் மொஃபட்டைக் கேள்வி கேட்டது அதனால்தான்.

இனி, சிறுசேரி வழியாகப் போகும் ஓ.எம்.ஆர். எனும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வருவோம். நகரத்துக்குள் குடிசைகளிலும் ஆற்றங்கரைகளிலும் இருந்தவர்களுக்காக 2000 முதல் துரைப்பாக்கத்தை ஒட்டி எழுந்தது கண்ணகி நகர். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அடுத்து செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். ஐ.டி. கம்பெனிகளுக்குப் பக்கத்தில் குடிவைத்தால் வேலை தானாகக் கிடைக்கும் என்ற பேச்சு இருந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் கேரன் கோயல்ஹோவும், டி. வெங்கட், ஆர். சந்திரிகா ஆகியோரும் கண்ணகி நகரில் விசாரித்து 2012-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வேலை கிடைத்தது உண்மை. அது பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி போன்ற, ஒப்பந்தக்காரர் வழியாக வரும் வேலை. இடம் மாறியதால் மட்டும் வறுமை தீர்ந்துவிடவில்லை. இதற்குச் சில வருஷம் முன்னால், சி. ஜே. ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் சென்னையின் ஐ.டி. ஊழியர்களிடம் பேசி எழுதியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குத்தான் கண்ணாடிக் கட்டடத்தின் நாற்காலியும் தெரியும், அதைத் துடைக்கும் கையும் தெரியும்.

வேலை கேட்டுப் போகும் இடத்தில் 'எந்த ஏரியா?' என்று கேட்டால் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் சொல்வதாகக் கண்ணகி நகர் இளைஞர்கள் சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். முகவரியைக் கேட்டதும் முகம் மாறும் முதலாளிகளைப் பார்த்துப் பழகியவர்கள். 'முகவரி' என்ற கட்டத்தை நிரப்பிவிட்டு நகரும் கணக்கெடுப்பாளர் கையில் இது சிக்காது. வருமானமும் அப்படித்தான். 'மாசம் எவ்வளவு?' என்றால் ஏதோ ஓர் எண் வரும். 'போன வாரம் எத்தனை நாள் வேலை, யார் கூப்பிட்டார்கள், பஸ்ஸுக்கு எவ்வளவு போனது?' என்று கேட்டால்தான் கணக்கு வரும். அதற்கு முன்னால், 'எத்தனையோ பேர் வந்து எழுதிட்டுப் போயிட்டாங்க' என்ற சலிப்பையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

சிறுசேரி, நாவலூர், தாழம்பூர் போன்ற ஏரிப் பாசன ஊர்கள் எப்படி ஐ.டி. பேட்டையும் அடுக்குமாடியுமாக மாறின என்பதை, இருவேல்பட்டுக்குச் செய்ததுபோல இன்னும் செய்யலாம். கிராம நிர்வாக அலுவலகத்தின் 'அ' பதிவேடும் அடங்கலும் பட்டா யார் பெயரில் இருந்தது, என்ன பயிர் விளைந்தது என்று சொல்லும். நிலமே இல்லாமல் அந்த வயலில் நாற்று நட்டவர் பிறகு என்ன ஆனார் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. தாம்பரத்திலிருந்து கேள்வித்தாளோடு பஸ் ஏறும் சமூகவியல் மாணவி, நிலம் விற்று வாடகை வீடு கட்டியவரிடம் முதலில் போனால் விலை ஏறிய கதை கிடைக்கும். தலித் காலனியில் தொடங்கினால் நடவு வேலை எந்த வருஷம் நின்றது, அதற்குப் பிறகு எந்த கேட்டில் யார் வேலை வாங்கிக் கொடுத்தார்கள் என்பதிலிருந்து அவளுடைய நோட்டு தொடங்கும்.