தீமை எங்கிருந்து வருகிறது?

இறைவன் நல்லவர், எல்லாம் வல்லவர் எனில் தீமை ஏன்? 2004 டிசம்பர் 26 அன்று கடற்கோளில் உறவுகளைப் பறிகொடுத்த கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை மக்களின் நெஞ்சில் எழுந்த இக்கேள்வி, 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது மீண்டும் எழுந்தது.

பாவத்தின் தண்டனை என்று சிலர் விடை கூறுவர். யோபுவின் நண்பர்கள் கூறியதும் அதுவே. இறைவன் அவர்களைக் கடிந்துகொண்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த 18 பேரும் மற்றவரைவிடப் பெருங் குற்றவாளிகள் அல்லர் என்பதை ஆண்டவர் இயேசுவும் தெளிவுபடுத்தினார் (லூக்கா 13:4).

தீமை தனிப்பொருள் அன்று. இருக்கவேண்டிய நன்மை இல்லாமற்போவதே தீமை என விளக்கினார் புனித அகுஸ்தீனார். கிருமி உடலின் நலத்தைக் குறைத்தது. மனிதரின் முடிவொன்றோ இரக்கத்தையே குறைத்தது. தொற்றால் இறந்தோரைப் புதைக்கலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரலில் இலங்கை அரசு தகனத்தைக் கட்டாயமாக்கியது. நல்லடக்கத்தை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் சாவோடு மற்றொரு துயரையும் சுமந்தன. கிறிஸ்தவர் சிலரும் அவ்வாறே. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது.

அன்பார்ந்தவர்களே! முதல் தீமைக்கு முழு விடை நம்மிடம் இல்லை. இறைமகன் சிலுவையில் நம்மோடு துன்புற்றார் என்ற நம்பிக்கை உண்டு. இரண்டாவது தீமைக்கோ மனிதரே விடை கூறவேண்டும். மன்னனின் சினத்துக்கு ஆளாகியும் இறந்தோரை அடக்கம் செய்தார் தோபித்து. இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்றாகத் திருச்சபை அதனைப் போற்றுகிறது. அயலவர் எச்சமயத்தவராயினும், அவர்தம் இறந்தோரின் மாண்பைக் காக்க நாமும் குரல்கொடுப்போம். இல்லாமற்போன நன்மை அவ்வாறே மீண்டும் பிறக்கும்.